முள்ளம்பன்றி வெட்டி ஒட்டிய கிருமி

ஒரு காட்டில் மான்களைவிடக் கமிட்டிகள் அதிகம். அங்கே அன்னக்கொடி என்றொரு முள்ளம்பன்றி, குட்டிகளுக்குக் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அவள் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை, முதுகிலேயே இருந்தது.

மருந்துதான் சரியில்லை. தடுப்பூசிக் கிருமியைத் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்ததில் அது சாதுவாகிப்போயிருந்தது. சாதுவானது நல்லதுதான், ஆனால் இது, உள்ளே போனால் உடம்பே கண்டுகொள்ளாத அளவுக்குச் சாது. போன மழைக்காலத்தில், ஊசி போட்டும் அவளுடைய இரண்டு குட்டிகள் இருமி இருமியே செத்தன. இப்போது வயிற்றில் இன்னும் இரண்டு. மழைக்கு இருபது நாள்கூட இல்லை.

அழுது முடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். கிருமியின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, உடம்பைத் தட்டி எழுப்பும் வேறொரு துண்டை ஒட்டினாள். எது ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று பிரிக்கக் கூடவே ஓர் அடையாள மரபணு. கிருமியைக் கொல்லும் மருந்தை ஊற்றினால் அடையாளம் உள்ள கிருமி மட்டும் பிழைக்கும். சம்மதித்த ஏழு முயல்களுக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட இருமவில்லை.

அனுமதிக் கமிட்டி அலுவலகத்தில் தலைவர் கரடி ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இந்த அடையாளத்தோட ஊசி போட்டா, நாளைக்கு மருந்துக்கே கட்டுப்படாத கிருமி வந்திடாதாம்மா? அதை வெட்டி எடுத்துட்டு வா."

நியாயம்தான். பத்து நாள் ராப்பகலாக உட்கார்ந்து, அதைச் சுத்தமாக நீக்கிக் கொண்டுபோனாள்.

கரடி ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடையாளமே காணோமே. நீ மாத்தியிருக்கேன்னு எப்படி நம்புறது?"

"நீங்கதானேய்யா எடுக்கச் சொன்னீங்க!"

"எடுக்கச் சொன்னேன். இல்லாம வரச் சொன்னேனா?"

குமாஸ்தா பெருச்சாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா, மாத்தினது தெரியலைன்னா அது பழசுதானே? பழசுக்கு எப்பவோ அனுமதி இருக்கு. படிவத்துல பழைய பேரையே எழுதிடுங்க."

எழுதினாள். முத்திரை விழ அரை நிமிடம் ஆனது.

அந்த மழையில் ஒரு குட்டிகூட இருமவில்லை. பிறந்த கையோடு ஊசி போட்ட அவளுடைய இரண்டும் பொந்துக்குள் கொழுகொழுவென்று உருண்டன. பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

பழைய ஊசியின் மகத்தான வெற்றிக்காகக் கரடி ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாளே கமிட்டியின் உத்தரவு வந்தது: பழைய ஊசியே பிரமாதமாக வேலை செய்வதால் ஆராய்ச்சி இனித் தேவையில்லை. ஆய்வுக்கூடத்திலுள்ள கிருமிகளை அழித்துவிட்டு, அடுத்த மழைக்கு உருளைக்கிழங்கில் வளர்த்த அசல் பழைய கிருமியையே எல்லாக் குட்டிகளுக்கும் போடவும்.

நீதி: கமிட்டியை ஏமாற்றலாம், தப்பில்லை. அது நம்பிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.