சுருவமாக மறுத்த கோட்டைத்துரை

என்னைக் கோட்டைத்துரை அளவுக்குக் களைக்க வைத்த மனிதர் மன்னாரில் இன்னும் பிறக்கவில்லை. பிறக்கவும் வேண்டாம். கந்தோர் வேலை விட்டு நான் வீடு போகும் வழியில் எங்கள் பழைய கோட்டை; அதன் வாசலில், சக்கரக் கதிரையில், அவர். பனையேறி விழுந்த நாளிலிருந்து கால்கள் இரண்டும் இயங்காது. அவற்றின் வேலையையும் வாயே பார்த்துக்கொண்டது.

வருகிற எல்லோருக்கும் கோட்டையின் சரித்திரம் சொல்லுவார். போர்த்துக்கீசர் கட்டியதையும் ஒல்லாந்தர் பிடித்ததையும் தானே மேற்பார்வை பார்த்தது போல இருக்கும்; அதனால்தான் அந்தப் பெயர். மதிலுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முகம் மாறும்.

"படி இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

மதில் மேலேறிக் கடலைப் பார்ப்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆனால் யாரும் தூக்கக்கூடாது. தன் கையால் சக்கரம் உருட்டித்தான் போவாராம். இதைச் சொல்ல ஒவ்வொரு பின்னேரமும் என்னை மறிப்பார். நானும் எங்கள் கந்தோர் மேலிடத்தில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தபின் ஒரு சரிவுப்பாதை போட்டார்கள். அது வாசலில் தொடங்கி, மதில் படிகளின் அடியில் முடிந்தது. படி வரைக்கும் சுகமாகப் போகலாம்.

போன வருடம் ஒரு லீவு நாள் காலை, நானும் அங்கே நின்றபோது, வங்காலையிலிருந்து சில பெடியன்மார் கோட்டை பார்க்க வந்தார்கள். திருவிழாவில் மாதாவின் சுருவத்தை, அந்தச் சிலையை, தோளில் சுமக்கிறவர்கள். படியடியில் துரையைக் கண்டதும் பாவப்பட்டு, ஒரு வார்த்தை கேளாமல், திருத்தவேலைக்காரர் விட்டுப்போன இரண்டு கம்புகளைக் கதிரைக்குக் கீழே கொடுத்துத் தோளில் தூக்கிவிட்டார்கள். பாரம் தோளில் ஏறியதும் பழக்கமும் வந்துவிட்டது. மெல்ல நடந்தார்கள், நின்றார்கள், தோள் மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தார்கள். மேலேயிருந்து வந்த ஒரு அம்மா ஒதுங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். துரையின் முகத்தில் அருளைத் தவிர எல்லாம் இருந்தது.

மேலே இறக்கியதும் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வச்ச இடத்தில இருக்க நான் சுருவம் இல்லை தம்பிமார். நானா வந்தாத்தான் கடலைப் பாப்பன்."

தூக்கி இறக்கவும் விடவில்லை. கெஞ்சினேன், ஏசினேன், வெயில்தான் ஏறியது. கடைசியில் பெடியன்மார் அங்கே கிடந்த நீளப் பலகைகளைப் படிகளின் மேல் அடுக்கினார்கள். துரை சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துத் தானே இறங்கினார். அப்பாடா என்று நான் சைக்கிளை எடுக்கப் போனேன். கதிரை திரும்பியது.

"பலகையை எடுக்காதேங்கோ. இப்ப ஏறப்போறன்."

பாதியில் பிடி வழுக்கிச் சக்கரம் பின்னுக்கு வந்தது. ஓடப்போன பெடியன்மாரை மறித்துவிட்டு, என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவை சும்மா நிற்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொழுது சாயும்போது மேலே போய்ச் சேர்ந்தார். நெடுநேரம் கடலைப் பார்த்துவிட்டு, மோசமில்லை என்றார்.

மறுநாளே திருத்தவேலைக்காரர் வந்து பலகைகளை எடுத்துவிட்டார்கள். அவர் மறுபடி வாசலில். நான் மறுபடி மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் மறிக்காத பின்னேரங்களில், வீட்டுக்கு வந்தபிறகும் வீடு வந்து சேர்ந்தது போல இருப்பதில்லை.