பச்சைக் கோட்டைப் பிடிக்கப் போனவன்

மன்னவனூர்ப் பாதையில் காட்டுமாடு எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி, அது போகும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முன்சோதனைக்காரன் எதிரே வந்தால் என்ன செய்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்கும் அதே வழிதான்.

யார் இந்த முன்சோதனைக்காரன்? கம்ப்யூட்டரில் சின்னக் கோளாறு வந்தால் மற்றவர்கள் சரிசெய்த பதிப்பு வரும்வரை பொறுத்திருப்பார்கள். இவன் பொறுக்க மாட்டான். கடல் தாண்டி யாரோ ஒருவர், 'இந்தத் திருத்தம் வேலை செய்யுமா என்று எனக்கே நிச்சயமில்லை, யாராவது போட்டுப் பாருங்கள்' என்று எழுதியிருந்தால், அந்த 'யாராவது' தன்னைத்தான் குறிக்கிறது என்று புல்லரித்துப் போவான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பான், நீங்கள் கேட்காமலே அதைச் சொல்வான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் காய்ச்சல்காரன் மாதிரி சுருண்டு உட்கார்ந்திருப்பான்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேனே!

என் பெயர் குருநாதன். மலையில் உள்ள தங்கும் விடுதிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது தொழில். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதன் திரையில் வலது மூலையில் ஒரு பச்சைக் கோடு கண் இமைப்பதற்குள் மின்னி மறையும். என் மனைவி தேவசேனாவை உட்காரவைத்துக் காட்டினேன்.

"இந்தா, இப்ப! தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியலையேங்க. பழனில நல்ல கண்ணு டாக்டர் இருக்காராம், ஒரு எட்டு போய்ட்டு வாங்க."

கோளாறு என் கண்ணில் இல்லை, கிராபிக்ஸ் டிரைவரில். கம்ப்யூட்டர் நினைப்பதைத் திரையில் வரைந்து காட்டுகிற மென்பொருள் அது. அதற்கு இன்னும் வெளிவராத ஒரு திருத்தம் தயார் என்று ஒரு நாள் வெள்ளனே படித்தேன். எழுதியவர் போலந்துக்காரர். 'முக்கியமான வேலை இருக்கும் கணினியில் போட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை என்பது மற்றவர்களுக்காக எழுதப்படுவது அல்லவா?

அன்று மதியம்தான் தேவசேனாவுக்கு நேர்காணல். கால்நடை ஆய்வகப் படிப்பு படித்துவிட்டு, அதற்கேற்ற வேலை பக்கத்தில் இல்லாமல், கொடைக்கானல் கடையொன்றில் வருஷக்கணக்காகக் கம்பளிச் சட்டை மடித்துக்கொண்டிருந்தவள். எங்கள் ஊருக்கு அருகே புதிதாகத் தொடங்கிய தனியார் ஆட்டுப் பண்ணையில் ஆய்வக உதவியாளர் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கேள்வி கேட்பார்கள்.

தலை துவட்டிக்கொண்டே வந்தவள், கம்ப்யூட்டர் இரைவதைக் கேட்டு நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் அதத் தொடாதீங்க."

"உனக்காகத்தான் பண்றேன். நடுவுல கோடு வந்தா அசிங்கமா இருக்காது?"

"கோடு நம்ம ஸ்கிரீன்லதான வருது? அவுங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆகவே தொடர்ந்தேன்.

திருத்தத்தை இறக்கி, அதைச் சேர்த்து டிரைவர் முழுவதையும் புதிதாக உருவாக்கி, நடுவில் இரண்டு தரம் முறிந்ததை ஒட்டவைத்து, பெட்டியின் பின்னால் வந்த சூட்டில் குளிர்ந்த கையைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு விஞ்ஞானியின் முகபாவத்தோடு மறுபடி இயக்கினேன். பச்சைக் கோடு போய்விட்டது. கூடவே மற்ற எல்லா நிறங்களும் போய்விட்டன. திரை முழுக்க ஒரே கறுப்பு.

கெட்டுப்போனால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்பது எங்கள் இனத்தின் நம்பிக்கை. திரும்பலாம்தான். இடம் போதவில்லை என்று அதைப் போன வாரம் நானே அழித்திருந்தேன். என் போன்? அதிலும் சோதனைப் பதிப்பு. கேமராவைத் திறந்தால் அணைந்துவிடும். தேவசேனாவின் போன் பேசுவதற்கு மட்டுமே ஆனது.

அவள் திட்டவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டு மகாராணி அக்காவிடம் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அக்காவைக் கேரட் லாரிக்காரர் கூப்பிட வேண்டியிருந்ததால் போன் வீட்டைவிட்டு நகராது. அங்கே சிக்னல் கிடைப்பதோ ஆட்டுக் கொட்டகையில் மட்டும்.

"ஏலே குருநாதா, நல்லாக் கெடந்த பொட்டிய எதுக்குலே நோண்டுன?"

"சோதனை பண்ணுனேங்க்கா."

"யார? இந்தப் புள்ளையவா?"

தேவசேனா கொட்டகைக்குள் நின்று பேச ஆரம்பித்தாள். நான் வாசலில் ஆடுகளை மறித்தேன். அதிலும் தோற்றேன். மெலிந்த கிடா ஒன்று என் காலிடுக்கில் புகுந்துபோய் நேராகப் போனுக்குள் முகத்தை நீட்டியது.

"யாரும்மா அது?" என்றது கோயம்புத்தூர்க் குரல். சிரிப்பொலி கேட்டது. "சரி, அதுக்கு என்ன கோளாறுன்னு சொல்லுங்க பாப்போம்."

தேவசேனா போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கிடாவின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தாள், தாடையைத் தடவினாள்.

"இமை உள்ள வெளிறிக் கெடக்குங்க சார், தாடைக்குக் கீழ வீக்கம். வயித்துப் புழுவா இருக்கலாம். ஆனா புழுக்கைய மைக்ராஸ்கோப்புல பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டேன். சும்மா ஒரு மருந்தக் குடுத்துப் பாப்போம்னு செய்யக் கூடாதுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் கோயம்புத்தூருக்குத்தான் சொன்னாள். ஆனால் பார்த்தது என்னை.

வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. நான் அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஒரு வகையில பாத்தா, ஸ்கிரீன் போனதாலதான..." என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்று சமையல் நான்தான்.

பிறகு கொடைக்கானல் நண்பர் ஒருவரின் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் போலந்துக்காரருக்கு எழுதினேன். மனிதர் நன்றி சொல்லி, அடுத்த திருத்தத்தில் 'சோதித்தவர்' என்று என் பெயரையும் போட்டுவிட்டார். ஊர்வலம் போகாத குறை. தேவசேனாவிடம் காட்டினேன். "சந்தோசங்க" என்று சொல்லிவிட்டு, பண்ணையில் கொடுத்த மடிக்கணினிக்குக் கடவுச்சொல் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்குத்தான் லினக்ஸும் தெரியாது, டிரைவரும் தெரியாதே. ஆனால் நன்றாக அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை 'சும்மா பார்க்கலாம்' என்று கழற்றியது யார்? சம்பந்தி வீட்டார் வரும் நாளில்தான், அதுவரை வைத்தே அறியாத குருமாவை முதன்முதலாக வைத்துப் பார்த்தது யார்? அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். நான் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்கிறேன்.