பதினொன்று பதிமூன்றுக்கு அடித்த மணி

திருச்சி ஜில்லாவிலேயே சட்டத்தை ஒரு புள்ளி விடாமல் மதித்து நடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வக்கீலும் இல்லை, ஜட்ஜும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் சொந்த வீட்டு முன்னறையில், இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பூட்ஸ் மாமி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை நிற்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரே ஒரு வெல்டிங் செட்டோடு அரியமங்கலத்தில் கொட்டகை போட்டேன். இன்றைக்கு என் பட்டறையில் செய்த பாய்லர் உருப்படி போகாத மாநிலம் இல்லை. ஒரு தகட்டைக் கண்ணால் பார்த்தே கோணலைச் சொல்லுவேன். ஆனால் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது மட்டும் எனக்கு வரவில்லை. அதற்காகத்தான் மாமியை வேலைக்கு எடுத்தேன். காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை, வீட்டிலிருந்தபடியே வேலை.

"நாளைலேருந்து ஆரம்பிச்சிடுங்க மாமி" என்றேன்.

"அப்பாயின்ட்மென்ட் லெட்டர்?"

"நாலு மணி நேர வேலைக்கு லெட்டர் எதுக்கு மாமி? என் வாக்குதான் லெட்டர்."

"வாக்கு உங்களண்ட இருக்கட்டும் சார், பேப்பர் என்னண்ட இருக்கட்டும். தொழிலாளர் இன்சூரன்ஸ்லயும் பேரைச் சேர்த்துடுங்கோ."

"அதெல்லாம் முழுநாள் ஆளுங்களுக்கு."

"சட்டம் அப்படிப் பிரிக்கலையே! அரைநாள் வேலைன்னா அரைக் கையாலயா பண்ணப் போறேன்?"

ஆடிட்டருக்குப் போன் போட்டேன். "மாமி சொல்றது சரிதாங்க, சேர்த்துடுங்க" என்றார் அவர். ஆடிட்டரும் மாமியும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்ய?

லெட்டருக்கு எங்கே போவது? வெல்டர்களுக்குக் கொடுக்கும் அச்சடித்த தாள் ஒரு கட்டு இருந்தது. அதில் ஒன்றை உருவி, 'பணியிடம்' என்ற இடத்தில் அரியமங்கலத்தை அடித்துவிட்டு மாமியின் வீட்டு விலாசத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் பதினான்கு விதி இருந்தது. அதை எந்த வெல்டரும் இதுவரை படித்ததில்லை. எழுதியவன் நான், நானே படித்ததில்லை.

மாமி படித்தார்.

மறுநாள் போன் வந்தது. "சார், ஏழாம் விதி, பணியிடத்துல பாதுகாப்பு பூட்ஸ் கட்டாயம்னு இருக்கு. எனக்கு அஞ்சாம் நம்பர் அனுப்புங்கோ."

"மாமி, அது பட்டறைக்கு..."

"என் பணியிடம் இந்த ஆத்து விலாசம்னு நீங்கதானே எழுதியிருக்கேள்?"

அனுப்பினேன். மடிசார் கட்டி, காலில் கறுப்பு பூட்ஸ் மாட்டி, மாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த செய்தி அன்றைக்குச் சாயங்காலமே நாலு வீதியும் சுற்றி வந்துவிட்டது. வெல்டிங் முகமூடி மட்டும் தமக்கு வேண்டாமென்று மாமி தனியாக விண்ணப்பம் எழுதி, என் கையெழுத்தோடு விலக்கு வாங்கிக்கொண்டார்.

ஒன்பதாம் விதிதான் ஊரைக் கலக்கியது. வேலை தொடங்கும்போதும், முடியும்போதும், இடைவேளையிலிருந்து திரும்பும்போதும் மணி அடிக்க வேண்டும். மாமி ஒரு பித்தளை மணியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். வாசலில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை. வைகுண்ட ஏகாதசிக்கு வந்த சொந்த நாத்தனாரே பெட்டியோடு இரண்டு மணி வரை வாசலில் நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட வேடிக்கை, மாமியின் நோட்டு. சொந்த வேலைக்கு எழுந்தால் அந்த நிமிடத்தைத் தாமே கழித்துக்கொள்வார். 'பால் காய்ச்ச, 8 நிமிடம், பூட்ஸ் கழற்றி மாட்டியது உட்பட.' 'தும்மல், தொடர்ச்சியாக, 1 நிமிடம்.' மாசக் கடைசியில் அந்த நோட்டு எனக்கு வரும். படித்துவிட்டு நான் சிரிக்கிற சிரிப்பில் லேத் சத்தமே கேட்காது.

சிரித்தேன். பிறகு ஒரு நாள் சிரிப்பு நின்றது.

அலமாரி மேல் இருந்த பழைய டிராயிங் சுருளை எடுக்க முக்காலி மேல் ஏறிய மாமி சாய்ந்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆபரேஷன், கட்டு, மூன்று மாதம் ஓய்வு என்றார்கள். இன்சூரன்ஸிலிருந்து விசாரிக்க ஓர் ஆபீசர் மாமி வீட்டுக்கே வந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

ஆபீசர் நல்ல மனிதர்தான், ஆனால் நோட்டைப் பிரித்ததும் முகம் சுருங்கியது. "அம்மா, விழுந்த செவ்வாய்க்கிழமை பதினொண்ணு அஞ்சுக்குப் பால் காய்ச்சப் போயிருக்கீங்க. திரும்பி வந்த நேரம் எழுதலையே? அப்போ விழுந்தது சொந்த வேலையிலன்னு ஆகுதுங்களே."

"திரும்பி வந்து மணி அடிச்சேன் சார். சுருளை எடுத்துண்டு வந்து எழுதலாம்னு முக்காலில ஏறினேன். அதுக்கப்புறம் எழுத கை ஏது?"

"நீங்க சொன்னா போதாதும்மா."

மாமி என் பக்கம் குனிந்தார். அத்தனை நாளில் அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். "கை சேர்ந்துடும் சார். 'ஆத்துல சும்மா இருந்தப்போ விழுந்தா'ன்னு எழுதிட்டா, அதைத்தான் தாங்க முடியாது. நான் சும்மா இருந்ததே இல்லை."

எத்தனையோ ஆபீசர்களைப் பேசியே மடக்கியவன் நான். அன்றைக்கு அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் எதிர்வீட்டு மாமா விடுவிடுவென்று உள்ளே வந்தார். ரிட்டயரான பிறகு, தினமும் பதினொரு மணிக்குப் பாராயணத்தில் உட்காருகிறவர். கையில் ஒரு கத்தைத் தாள். ஆபீசர் என்றால் எல்லாத்துக்கும் ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போல.

"நீங்கதான் சர்க்கார் ஆளா? இந்த மணிக்கு ஒரு முடிவு கட்டுங்கோ! பாராயணத்துக்கு நடுவுல டங்டங்னு! ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு அடிச்சாள்னு கடிகாரம் பார்த்து எழுதி வெச்சிருக்கேன், பாருங்கோ!"

ஆபீசர் நிமிர்ந்தார். "போன செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கீங்களா?"

"எழுதாம? பத்து மணிக்கு ஒண்ணு. பதினொண்ணு பதிமூணுக்கு ஒண்ணு. அது அடிச்ச அடுத்த நிமிஷமே தடால்னு ஒரு சத்தம் வேற! நான்தான் ஓடி வந்து ஆட்டோ பிடிச்சேன்!"

ஆபீசர் நான் மாமிக்குக் கொடுத்த லெட்டரைத் திருப்பி ஒன்பதாம் விதியைப் படித்தார். மணியைப் பார்த்தார். மாமாவின் தாளைப் பார்த்தார்.

"இடைவேளை முடிஞ்சு மணி அடிச்சிருக்காங்க. டிராயிங் எடுக்க ஏறியிருக்காங்க. இது வேலை நேரத்துல, வேலை இடத்துல நடந்த விபத்துதான்" என்று எழுத ஆரம்பித்தார்.

"என் புகார்?" என்றார் மாமா.

"உங்க புகார்தான் சார் சாட்சி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாமா மாமியைப் பார்த்தார், கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், போட்டார்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "அந்த ஒன்பதாம் விதி நான் எழுதினதுங்க!" படிக்காதவன் எழுதிய விதி சட்டத்தின் முன்னால் நின்று ஜெயித்ததா இல்லையா? அரியமங்கலம் முழுக்க லட்டு கொடுத்தேன்.

கட்டுப் பிரித்து மாமி திரும்ப வேலையில் உட்கார்ந்த அன்று ஆப்பிளோடு போனேன். வாசலில் அட்டை தொங்கியது. முதலாளியாக இருந்தாலும் இரண்டு மணி வரை நிற்க வேண்டியதுதான் என்று நான் படியில் உட்காரப்போகையில், கதவு திறந்தது. "வாங்கோ சார்." இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு மாமா காப்பி கொண்டுவந்தார்.

மாசக் கடைசியில் நோட்டு வந்தது. அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தேன். இன்னும் பழகாத கையெழுத்து, கோணல்மாணலாக: 'முதலாளி பார்க்க வந்தார், 20 நிமிடம். கழிக்கவில்லை.'

அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமி கேட்டால், கம்பெனி ஆவணம் என்று சொல்லிக்கொள்ளலாம்.