வேற அண்ணாச்சி

குரல் பதிவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மைக் படம் நீலமாகிவிட்டது. கேட்டாயிற்று என்று அர்த்தம். ஜெயகணேஷ் அப்போதுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தான். 'அண்ணாச்சி எடிட்டிங்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அண்ணாச்சி பெரியவர்' என்று இருந்தது.

தூத்துக்குடியில் ஃபோன் வைத்திருப்பவனுக்கு இந்தச் சிக்கல் உண்டு. பலசரக்குக் கடைக்காரர் அண்ணாச்சி. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அண்ணாச்சி. வீட்டு ஓனர் அண்ணாச்சி. புதுக்கோட்டையில் உட்கார்ந்து ஜெயகணேஷின் வீடியோக்களை எடிட் செய்யும் சுந்தரராஜ் அண்ணாச்சி. எந்தச் சங்கத்துக்கு யார் தலைவர், எந்தக் கட்சியில் யாருக்கு சீட் என்று வீட்டில் இருந்தபடியே முடிவு செய்யும் பாண்டியராஜும் அண்ணாச்சிதான்.

பதிவு போனது இந்தக் கடைசி அண்ணாச்சிக்கு.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றாள் முத்துச்செல்வி. அவன் மனைவி. அவர்கள் சேனலின் கேமராவும் அவள்தான்.

சேனலின் பெயர் 'ஆழம்'. மில்லர்புரத்தில் ஒரு மாடி அறை, இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு நீலத் திரை. அரசியல், தொழில்நுட்பம், கலை என்று செல்வாக்கு உள்ளவர்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசுவது அவர்கள் வேலை. இதுவரை வந்தவர்களில் ஒருவர், யாரும் இறக்கிக்கொள்ளாத ஒரு ஆப்பைச் செய்தவர். ஒருவர் வில்லிசைக் கலைஞர். ஒரு முன்னாள் கவுன்சிலர் வந்து முழுக்கத் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பாண்டியராஜ்தான் உண்மையிலேயே பெரிய ஆள். அவர் சம்மதித்ததையே ஊரில் யாரும் நம்பவில்லை.

காலையில் வந்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். தொழில்நுட்பத்தில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது என்றார். கலாச்சாரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார். முத்துக்குளிப்பு திரும்ப வருமா என்று கேட்டதற்கு, வந்தால் நல்லது என்றார். ஒரே ஒரு பதிலில்தான் உயிர் இருந்தது. எதைப் பார்த்தால் பயம் என்று ஜெயகணேஷ் கேட்டிருந்தான்.

"பயமா? அது எங்க வீட்டுப் பக்கம் வந்ததே கிடையாது, தம்பி."

அவர் கிளம்பிப் போன கையோடு எடிட்டருக்குப் பேசி அனுப்பியதுதான் அந்தப் பதிவு. 'அண்ணாச்சி, ஆளு வெறுங்காத்து, மூணு மணி நேரத்துல ஒரு உண்மை கிடையாது' என்று ஆரம்பித்திருந்தான். அதற்குப் பிறகு எடிட்டருக்கு எப்போதும் சொல்லும் வேலை விவரம். அது அவன் நினைவில்கூட நிற்கவில்லை. 'வெறுங்காத்து' மட்டும் காதுக்குள் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பாண்டியராஜை வெறுங்காற்று என்று அவர் காதுபடச் சொன்னவர்கள் ஊரில் இல்லை. முன்பு ஒருவன் அவரைக் கிண்டல் செய்து போஸ்டர் ஒட்டினான். அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு காலையில் அவன் வீட்டில் பூட்டு தொங்கியது. இப்போது திருப்பூரில் இருக்கிறான் என்கிறார்கள். ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெயகணேஷ் பதிவை அழித்தான். அழித்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அது பதிவைவிட மோசமாகத் தெரிந்தது.

விளக்கம் சொல்லிவிடுவது நல்லது என்றாள் முத்துச்செல்வி. அவன் எழுதினான். 'அண்ணாச்சி, அது உங்களுக்கு அனுப்பினது இல்ல. வேற அண்ணாச்சிக்குப் போக வேண்டியது. நீங்க கேட்டது தெரியும். தயவுசெய்து யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.'

படித்துவிட்டார். சற்று நேரத்தில் அவருடைய புகைப்படம் காணாமல் போய், அந்த வட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலை மட்டும் இருந்தது.

"பிளாக் பண்ணிட்டாவ," என்றாள்.

"கோவம்னா ஏசிட்டுப் போவாவ. பிளாக் பண்ணுனா என்ன அர்த்தம், ஏளா?"

அவள் எழுந்து பின்வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

அவள் ஃபோனில் இருந்து பாண்டியராஜைக் கூப்பிட்டான். எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. அவன் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வரவில்லை.

"அண்ணாச்சி, நான்தான் ஜெயகணேஷ். இது ஃபோன்ல முடியாது. நேர்ல வந்து முடிச்சிருதேன். எப்பத் தனியா இருப்பிய?"

லைன் அறுந்தது.

நேரில் போய்க் காலில் விழுவது ஒன்றே வழி என்று முடிவு செய்தான். வெறுங்கையோடு பெரிய மனிதரைப் பார்க்கப் போக முடியாது. இருப்பதிலேயே பெரிய ரோஜா மாலையாக வாங்கினான். அவர் மனமிறங்கினால் அங்கேயே இன்னொரு பேட்டி எடுத்து, இன்னும் மரியாதையாகக் கேள்வி கேட்கலாம் என்று கேமரா ஸ்டாண்டையும் அதன் நீளமான கறுப்புப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டான். துறைமுகச் சாலையில் அவருடைய உப்பு ஆபீஸ். கேட்டில் வாட்ச்மேன் முதலில் மாலையைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"பைக்குள்ள என்ன?"

"சாமான்தான். அண்ணாச்சி இருக்காவளா? அஞ்சு நிமிஷம் போதும்."

வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டினார். உள்ளே ஓடினார். வயதான மனிதர், அந்த வயதில் அப்படி ஓடி அவன் பார்த்ததில்லை. மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. உள்ளே நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். ஜெயகணேஷ் வெயிலில் மாலையோடு நின்றான். மன்னிப்புக் கேட்கக்கூட விடாத அளவுக்கு விஷயம் போய்விட்டது என்று புரிந்தது. மாலையைக் கேட்டிலேயே தொங்கவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தால் சுந்தரராஜ் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. முத்துச்செல்வி கொடுத்த காட்சிகளை வைத்து, பேட்டிக்கு விளம்பரம் செய்திருந்தார். கம்பீரமாக இருக்கட்டும் என்று பாண்டியராஜின் முகத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தார். சுற்றிலும் பூ பார்டர். கீழே, 'ஒரு சகாப்தம். நாளை மாலை ஆறு மணிக்கு.'

"ஏங்க, இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரில்லா இருக்கு," என்றாள் முத்துச்செல்வி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் அதை பாண்டியராஜின் டிரைவர் மாரிராஜுக்கு அனுப்பிவிட்டிருந்தான். மரியாதைக்குச் சாட்சியாக. அதுவும் நீலமாகிவிட்டது.

அதற்கப்புறம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. குக்கர் விசில் அடித்தால் ஜெயகணேஷ் எழுந்து நின்றான். திருப்பூரில் வாடகை எப்படி என்று முத்துச்செல்வி தன் சித்தப்பா மகளிடம் விசாரித்தாள். எதற்கு என்று அந்தப் பெண் கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். அந்தச் 'சும்மாதான்' அவளுக்கே நம்பும்படி இல்லை.

மறுநாள் மத்தியானம் வெள்ளைக் கார் ஒன்று தெருமுனையில் நின்றது. வீட்டு வாசல் வரை வரவில்லை. அதிலிருந்து மாரிராஜ் மட்டும் இறங்கினார்.

பேட்டி அன்றைக்கு இந்த மாரிராஜ் மாடிப்படியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டே, 'ஏலே தம்பி, ஏசியக் கொஞ்சம் கூட்டு' என்று அதட்டியவர். இப்போது செருப்பை வாசலில் கழற்றினார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டியதும் அதைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தார்.

பேச்சுச் சத்தம் கேட்டு, மீன் வெட்டிக்கொண்டிருந்த முத்துச்செல்வி கையில் கத்தியோடு எட்டிப் பார்த்தாள். மாரிராஜ் நாற்காலியோடு எழுந்துவிட்டார். அவள் பயந்துபோய் உள்ளே போனாள்.

ஜெயகணேஷுக்கு இனி மறைக்க எதுவும் இல்லை. தரையில் மண்டியிட்டான். வாய் தவறி வந்துவிட்டது, மனதில் எதுவும் இல்லை, வெறுங்காற்று என்று சொன்னது தப்பு, சேனலையே மூடிவிடுகிறேன், மனைவியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் என்று அழுதான்.

"அண்ணாச்சி," என்றார் மாரிராஜ்.

ஜெயகணேஷ் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்.

"காத்துன்னு சொன்னதெல்லாம் பெரியவரு பெருசா எடுத்துக்கல, அண்ணாச்சி. நேத்துலேர்ந்து ஸ்ரீவைகுண்டத்துல சம்பந்தி வீட்டு நெல்லுக் குடோன்ல ஒளிஞ்சிருக்காவ. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னாவ. 'தலை மட்டும் போதும், கழுத்துக்குக் கீழ வெட்டிருங்க, சத்தம் வெளிய வரப்பிடாது'ன்னு அந்த வேற அண்ணாச்சிகிட்ட சொன்னியளே, உங்கள ஏவிவிட்டது யாரு?"