சம்பந்திக்கு ஒரு குழாய்ச் சுருள்

சுருள் பானைக்குள் போகவில்லை. வரதராசா சரித்துப் பார்த்தார், அமத்திப் பார்த்தார். அதைவிடச் சிறிய புட்டுப் பானையைச் சுற்றி வளைக்கும்போது பத்து மீற்றர் எவர்சில்வர் குழாயும் ஒழுங்காகத்தான் வந்தது. கையை விட்டதும் நான்கு விரற்கடை அகன்றுவிட்டது.

"ஆருக்கு இந்தப் பாடு? உங்களுக்கு பியர் மணமே ஆகாதே" என்றாள் மனைவி சிவகலா.

"எனக்கோ செய்யிறன்? சம்பந்திக்கு."

போன மாதம் மகள் ஹரிஷா கட்டப்போகிற லூக்காஸின் வீட்டுக்கு முதன்முதல் போனபோது, அவன் அப்பா ஊர்ஸ், பியர் போத்தலை உடைத்து ஆளுக்கொரு கிளாஸ் வார்த்தார். சம்பந்தி வீட்டில் வார்த்ததை மிச்சம் விடுவது மரியாதையில்லை. வரதராசா மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருமல் மருந்துபோல ஒரே மடக்கில் இறக்கினார். வெறுங்கிளாஸைக் கண்ட ஊர்ஸ் உடனே நிரப்பினார். அதையும் இறக்கினார். விருந்தாளிக்கு வார்ப்பதிலேயே குறியாக இருந்த ஊர்ஸின் கிளாஸ் வைத்தபடியே இருந்தது. மூன்றாவது கிளாஸில்தான் சிவகலா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

சில கிழமை கழித்து ஹரிஷா சொன்னாள்: "அப்பா, ஊர்ஸ் வீட்டிலயே பியர் காய்ச்சுறார். வாற சனிக்கிழமை உங்களையும் வரட்டாம். காய்ச்சினதைக் கெதியா ஆறவைக்கத்தான் வழி தெரியேல்லையாம்."

வரதராசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சுவிஸின் பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசமாக மெஷின் பார்ப்பவர். ஊர்ஸின் சுவிஸ் ஜெர்மன் அவருக்குப் பாதிதான் விளங்கும். அவருடைய ஜெர்மன் ஊர்ஸுக்கு அந்தப் பாதியும் விளங்காது. வாயால் பழக முடியாத மனிதருக்குக் கையால் ஒன்று செய்து கொடுத்தால், தன் பிள்ளையை அந்த வீட்டில் ஒருநாளும் குறைவாகப் பார்க்கமாட்டார்கள் என்று அவர் நம்பினார். கொதிக்கிற பானைக்குள் சுருளை இறக்கி, குழாய்க்குள்ளால் பச்சைத்தண்ணீர் ஓடவிட்டால் இருபது நிமிடத்தில் ஆறிவிடும்.

ஊர்ஸின் பானை அளவிலேயே வாங்கி வைத்திருந்த இந்தப் பானைக்குள் அது முதலில் போகவேண்டுமே.

இன்னும் இறுக்கி வளைத்தார். குழாய் நடுவில் நசுங்கியது. புதுக் குழாய் வாங்கி, நசுங்காமல் இருக்க உள்ளே உப்பை நிரப்பி அடைத்து வளைத்தார். இம்முறை நசுங்கவில்லை. ஆனால் கையை விட்டதும் முந்தியதைவிட அகலமாக விரிந்தது.

"வீட்டில ஒரு கல்லு உப்பில்லை" என்றாள் சிவகலா.

"சுருள் பானைக்குள்ள போகாட்டி, சுருளுக்கேத்த பானை வாங்கினால் சரி."

சூரிச்சுக்கு ரயிலேறி, தமிழ்க் கடையில் கலியாணச் சமையலுக்கு வைத்திருந்த அறுபது லிட்டர் கிடாரத்தை வாங்கிவந்தார். அது எந்த வீட்டு அடுப்பிலும் இருக்காது. ஆகவே கோயில் அன்னதானத்துக்கு வைப்பதுபோல ஒரு பெரிய காஸ் அடுப்பும் வாங்கினார்.

"சுருள் ஒண்டு செய்யப்போறன் எண்டுதானே துவங்கினீங்கள்?"

"பேசாமல் ஒரு பக்கம் பிடியும்."

சனிக்கிழமை ஊர்ஸின் கராஜ் வாசலில் கிடாரம் இறங்கியது. ஊர்ஸ் அதைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கிடாரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சந்தோசத்தில் திகைத்துப் போய்விட்டார் என்று வரதராசா நினைத்துக்கொண்டார். சுருள் அமிழவேண்டுமென்றால் ஐம்பது லிட்டராவது காய்ச்சவேண்டும். ஊர்ஸிடம் இருந்த மால்ட், பியருக்குப் போடும் முளைத்தானியம், கிடாரத்தின் அடிக்குக்கூடக் காணாது. ஊர்ஸ் காரை எடுத்துக்கொண்டு போய் இன்னுமொரு பெரிய பை வாங்கிவந்தார்.

சுருள் வேலை செய்தது. பதினெட்டு நிமிடத்தில் கிடாரம் குளிர்ந்தது. வரதராசா சுருளில் பற்றவைத்திருந்த மூட்டுகளை ஊர்ஸ் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, அவருடைய கையைப் பிடித்தபடியே நின்றார். வரதராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹரிஷாவைப் பற்றி இனி ஒரு கவலையும் இல்லை.

ஊர்ஸ் வாளி எடுக்க உள்ளே போனதும் அவர் மனைவி மோனிக்கா வந்தாள். கிடாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வரதராசாவுக்கு விளங்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"ஊர்ஸ் பியரை வாயிலேயே வைக்கமாட்டார், அன்றைக்கு நீங்கள் குடித்ததைப் பார்த்துவிட்டு உங்களுக்காகவே மாலை வகுப்புக்குப் போய்க் காய்ச்சப் பழகினார், இந்த ஐம்பது லிட்டரும் உங்களுக்குத்தான்."