ஊர் சுற்றும் பெயர்கள்

மாமனாருக்கு மருத்துவர் அனுப்பிய பத்திய அட்டவணை, கம்பெனியில் அவர் அறை அச்சுப்பொறியில் வராமல் கிடங்கில் போய் விழுந்தது.

“முதலாளி இனிமே சர்க்கரையைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாதாமே!” என்று மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள்.

மாமனார் சிரிக்கவில்லை. “மாப்ளே, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா பொறுப்பு உங்க சகலைக்கு!”

கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மாப்பிள்ளை, அவற்றையெல்லாம் இணைக்கும் சர்வர் கணினி முன் உட்கார்ந்தார். அதில் எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று எழுதி வைத்த கோப்பைத் திறந்தால் அவருக்கு எப்போதும் ஒரு பிரமிப்பு. மெல்லிய மடிக்கணினிகளில் நெட்வொர்க் கம்பி செருக இடமில்லை. விரல் நீள அடாப்டர் ஒன்றை மாட்ட வேண்டும். அதற்குள் பிறவியிலேயே பதிந்த ஓர் எண். உலகில் கோடானுகோடி கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண்! காலையில் அது தன் எண்ணைச் சொல்லிக் கூவும். சர்வர் கோப்பைப் பார்த்து, ‘நீ முதலாளி, உன் அச்சுப்பொறி இது’ என்று பெயர் சூட்டும்.

ஆனால் ‘முதலாளி’ என்ற எண் இன்று கிடங்கிலிருந்து கூவியது. ‘முதலாளி’, ‘கிடங்கு’ என்ற இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி எழுதினார். சரியானது.

மறுநாள் மாமனார் மறுபடி அச்சிட்ட பத்திய அட்டவணை வரவேற்பறையில் வந்தது. “பாகற்காய் ஜூஸ் யாருக்கு சார்?” என்றார் வரவேற்பாளர், வாடிக்கையாளர் முன்னால்.

எல்லாப் பெயர்களையும் அழித்துப் புதிதாக எழுதினார்.

அடுத்த நாள் கணக்கர் அம்மா ஓடி வந்தார். “தம்பி, வேற கம்பெனிக்கு நான் போட்ட விண்ணப்பம் உங்க மாமா ரூம்ல பிரிண்ட் ஆயிடுச்சு! என் பொழப்பு போச்சு!”

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. பிறவி எண் மாறுமா? சூரியன் மேற்கே உதித்தது போலல்லவா இருக்கிறது!

சனிக்கிழமை மாலை எல்லோரும் போனபின், பொறுப்பை விட்டு சர்வர் அறைச் சாவியை ஒப்படைத்துவிடலாம் என்று மாமனாரைத் தேடினார். கிடங்கு மேசையருகே அவர் நின்றிருந்தார், உள்ளங்கை நிறைய அடாப்டர்களோடு.

“என்ன மாமா பண்றீங்க?”

“கார் டயர் மாதிரிதான் மாப்ளே இதுவும். ஒண்ணு மட்டும் தேய்ஞ்சிடக் கூடாதுன்னு, தினம் மேசைக்கு மேசை மாத்தி மாட்டிட்டுப் போறேன்.”

மாப்பிள்ளை அவர் கையிலிருந்த அடாப்டர்களை வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு அடாப்டரையும் அதனதன் கணினியோடு சேர்த்து, டேப் போட்டு இறுக்கமாக ஒட்டினார்.