ஸ்பேனர் பக்கத்தில் நிற்பவர்

கை வைக்காமலே கணக்குச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. கிணற்றில் மோட்டார் இறக்கும் இடத்துக்கும், கல்யாண வீட்டில் அண்டா தூக்கும் இடத்துக்கும் சரியான நேரத்தில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எவ்வளவு பலம் கொடுத்தால் எவ்வளவு நகரும் என்று பாடம் எடுப்பார்கள். தூக்க மாட்டார்கள். எங்கள் ஜவ்வாது மலையில் அந்த இனத்துக்குத் தலைவர், இயற்பியல் ஆசிரியர் அர்ச்சுனன் சார்.

போன ஆவணியில் செந்தாமரைக்குப் பிரசவ வலி எடுத்தது. கணவன் பூபாலன் தன் வேனிலேயே அவளைப் போளூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியில் சார் கை காட்டி ஏறிக்கொண்டார். மலை இறக்கத்தில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஆனால் மற்ற நட்டெல்லாம் இளகியும், துருப்பிடித்த ஒன்று மட்டும் அசையவில்லை. பூபாலன் ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான். விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். போனில் சிக்னல் இல்லை. உள்ளே செந்தாமரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சார் குனிந்து பார்த்தார். ஸ்பேனர் நீளம் அரை மீட்டர், கொடுக்கும் விசை நானூறு நியூட்டன், ஆகவே திருப்புவிசை இருநூறு. அதைத் திரும்பிய கோணத்தால் பெருக்கினால் செய்த வேலை கிடைக்கும், டிகிரியில் பெருக்கக் கூடாது, ரேடியனில்தான் பெருக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கிவிட்டு, வியர்த்து நின்றவனிடம் விடையைச் சொன்னார்.

“ஆனா கோணம் ஜீரோ, பூபாலா. அதனால இம்மா நேரமும் நீ செஞ்ச வேலையும் ஜீரோ.”

பூபாலன் ஸ்பேனரை உருவிக்கொண்டு நிமிர்ந்தான். நட்டைக் கழற்றுவதற்காக நிமிர்ந்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் செந்தாமரை ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“சார், உங்க வெயிட்டு இன்னா?”

ஓர் எண்ணைக் கேட்டால் அந்த இனம் சும்மா இருக்குமா? எண்பத்திரண்டு கிலோ என்றார் சார், பெருமையாக.

“அப்போ அது மேல ஏறி நில்லுங்க.”

பூபாலன் ஸ்பேனரை மறுபடி மாட்டினான். சார் வேனைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேல் ஏறினார். நட்டு விட்டுக்கொடுத்தது. சாரும் தார் ரோட்டில் உட்கார்ந்தார். அத்தனை வலியிலும் செந்தாமரை சிரித்துவிட்டாள்.

போளூர் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பூபாலன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இடுப்பைத் தடவியபடி நின்ற சாரின் முகத்திலோ கவலை. ஸ்பேனர் கீழே சாயச் சாயத் திருப்புவிசை குறையுமாம். தான் ஏறி நின்றதற்கும் அதை வெறுமனே கோணத்தால் பெருக்கிப் பார்த்தது தப்பாம். தன் எடையை, விழுந்த உயரத்தால் பெருக்கியிருக்க வேண்டுமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த உயரம் எவ்வளவு இருக்கும் என்று இப்போது உங்கள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியதே, ஓடவில்லையா?